ருசி பார்த்த மாத்திரை

எனக்கு வந்த நோய் சந்தேகம் என்று சொன்னால் எங்கள் கம்பெனியில் சிரிப்பார்கள். தாராவியில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் பதினாறு வருடமாக எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலர், பட்டன், பக்கத் தையல் என்று விரலை ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவளுக்கு அங்கே வேலை கிடையாது. அப்படிப்பட்டவளிடம் வந்து ஒரு டாக்டர், உங்கள் நோயே இந்தச் சந்தேகம்தான் என்றால் எப்படி நம்புவது? நான் டாக்டரையும் சந்தேகப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கை நடுக்கம் போய்விட்டது, பேனா பிடிக்க முடிகிறது. மகள் காவ்யாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் பாதியில் எட்டிப் பார்த்துவிடுவாளோ என்ற பயமில்லாமல் எழுதுகிறேன். முடித்ததும் நானே அவளுக்கு வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.

காவ்யா அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று செம்பூரில் ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் நான்தான் கூட்டிப்போய், வகுப்பு முடியும்வரை வாசலில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் அந்தப் பாட்டிலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஞாபக சக்திக்கு மூளை மாத்திரையாம், சாப்பிட்டால் படித்தது அப்படியே நிற்குமாம், தூக்கம் வராதாம், போன வருடம் மெடிக்கல் காலேஜில் இடம் வாங்கிய பிள்ளைகளெல்லாம் இதைத்தான் சாப்பிட்டார்களாம். வகுப்பின் ஆபீஸ் கவுன்டரில் இருந்த ஆளிடம் தனியாகக் கேட்டால் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவார். டாக்டர் சீட்டு வேண்டாம். பில்லும் கிடையாது.

நானும் வாங்கினேன். வெள்ளைப் பாட்டில், அறுபது கேப்சூல், மேலே பச்சை நிறத்தில் ஒரு மூளைப் படம். சுத்த மூலிகை என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. எந்த மூலிகை, எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. தயாரித்தவர் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன் நம்பர் மட்டும். லேபிள் வேறு கோணலாக ஒட்டியிருந்தது. சட்டையாக இருந்தால் அந்த நிமிடமே சிவப்பு ஸ்டிக்கர் விழுந்திருக்கும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காவ்யா பிறந்ததிலிருந்து அவளுக்கு எது கொடுத்தாலும் முதல் வாய் என்னுடையது. இருமல் மருந்து, ரயிலில் வாங்கும் கடலை, பிறந்தநாள் கேக், காய்ச்சல் மாத்திரையில் ஒரு துண்டு, எல்லாம் என் நாக்கைத் தாண்டித்தான் அவளுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கேலி செய்வார்கள், இவள் பிள்ளையின் பரீட்சையையும் தானே எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள் என்று. எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பாட்டிலையும் ஒரு வாரம் நான் சாப்பிட்டுப் பார்ப்போம், ஒன்றும் ஆகவில்லை என்றால் அவளுக்குக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. ஆனது எல்லாம் நல்லதாகவே இருந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண்ணைச் சொக்கும் நேரம் ஒன்று உண்டே, அது காணாமல் போயிற்று. ஒரு நாளைக்கு நூறு சட்டை கூடுதலாகப் பார்த்தேன். நூலிழை பிசகியிருந்தால் விரலுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நாற்பத்திரண்டு வயதில் கண்ணாடி போட வேண்டிவருமோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

வாரம் முடிந்ததும், தனக்கு வாங்கிய மாத்திரை எங்கே என்று காவ்யா கேட்டாள். அது சும்மா மாவு, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். இவ்வளவு வேகமாக வேலை செய்கிற சாமான் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்தது உண்மை. எனக்கு வேண்டும் என்று நினைத்ததும் உண்மை. பாட்டிலை உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். ருசி பார்த்த அந்த வாரத்தையும் சேர்த்து மூன்று வாரம் தினம் ஒன்று. அதன் பிறகு ஒன்று போதவில்லை, காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாக எடுத்தேன்.

பசி நின்றது. பிறகு தூக்கம் நின்றது. ஜாக்கெட்டுகள் தொளதொளத்தன. படுத்தால் நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது, அதாவது விளங்குவதாக நினைத்தேன். நான் பார்த்து முடித்த சட்டைகளை யாரோ மாற்றி வைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பது நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்க. என் கணவர் போட்டுக் கொடுக்கும் டீயில் ஒரு வாசனை வருகிறது. இதெல்லாம் போக, பாட்டிலில் கேப்சூல் குறைகிறது. நான் எடுப்பதைவிட வேகமாகக் குறைகிறது.

என் கணவர் இசக்கிமுத்து மாட்டுங்காவில் டெம்போ ஓட்டுகிறார். எறும்புக்கும் வழி விடுகிற மனுஷன். அவர்தான் நல்ல கேப்சூலை எடுத்துவிட்டு வேறு எதையோ போட்டு வைக்கிறார் என்று நான் நம்பினேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, உளுந்து டப்பாவின் மூடிக்குக் குறுக்கே, வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை நூல் ஒன்றை ஒட்டி வைத்தேன். மாலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால் நூல் அறுந்திருந்தது. சாட்சி கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

இரண்டு மாத்திரை எடுக்க ஆரம்பித்துப் பத்தாம் நாள், வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் எல்லாச் சட்டையிலும் குறை தெரிந்தது. நூல் வெட்டும் கத்திரியை எடுத்து நல்ல தையலையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தேன். முப்பது சட்டைக்கு மேல் பிரித்திருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள். சூப்பர்வைசர் கையைப் பிடிக்க வந்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு கை கால் வெட்டி இழுத்ததும் நுரை தள்ளியதும் எனக்குத் தெரியாது.

கண் விழித்தது பக்கத்திலுள்ள பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில். நாடி நூற்று அறுபது, பிரஷர் எகிறிக் கிடந்தது. மார்பில் பட்டைகள் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதா என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும் சோதனை அது. என் கோடு கிறுக்கல் போல நெருக்கி நெருக்கி ஓடியது. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரந்தாலும் இப்படி மெலிவும் படபடப்பும் வருமாம், அதற்கு ரத்தம் எடுத்தார்கள். வலிப்பு வந்ததால் மூளையில் கட்டியோ ரத்தக் கசிவோ இருக்குமோ என்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஸ்கேன் அறை வாசலில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தபோது, என் கணவர் தன் சட்டையைக் கழற்றி மடித்து என் தலைக்கு வைத்துவிட்டுப் பனியனோடு நின்றார். என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? அந்தச் சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறார் என்பதுதான்.

ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று எல்லாரும் கேட்டார்கள். அவசரப் பிரிவில் கேட்டார்கள், வார்டில் கேட்டார்கள், மலையாளத்து சிஸ்டர் ஊசி போடும்போதெல்லாம் கேட்டார். இல்லை, இல்லை என்றேன். காவ்யாவிடம் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்ன பொய் ஒரு பக்கம். போலீஸ் வருமோ என்ற பயம் ஒரு பக்கம். இவர்கள் ஏன் இதையே கேட்கிறார்கள், என் கணவர் சொல்லிக் கொடுத்திருப்பாரோ என்பது இன்னொரு பக்கம்.

வார்டில் முதல் இரண்டு நாள் நான் எதையும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டிலும் நம்பிக்கை இல்லை, வீட்டுச் சாப்பாட்டில் சுத்தமாக இல்லை. அவர் தூக்குப் பாத்திரத்தில் ரசஞ்சோறு கொண்டுவந்து திறந்ததும், நீங்கள் முதலில் தின்னுங்கள் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, மென்று, முழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார்.

"பாத்துக்கோ, உள்ள போயிட்டு. இனி தாரேன், தின்னு," என்றார்.

மூன்றாம் நாள் சிஸ்டருக்குக் கோபம் வந்து, கட்டிய புருஷனை இப்படியா சோதிப்பது என்று என்னைச் சத்தம் போட்டார். அவர்தான் சிஸ்டரைச் சமாதானப்படுத்தினார். டெம்போ ஓட்டுகிறவனுக்குச் சூடாக வீட்டுச் சோறு என்றைக்குக் கிடைத்தது, இவள் புண்ணியத்தில் மூன்று வேளையும் தின்கிறேன் என்றார். அன்றைக்கு, இந்த மனுஷன் எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்றுதான் தோன்றியது.

வார்டு டாக்டர் சின்ன வயதுப் பெண். மராட்டி கலந்த இந்தியில் நிதானமாகப் பேசுவார். நாலாம் நாள் காலை, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, எல்லா ரிப்போர்ட்டையும் எனக்கு எதிரே விரித்து வைத்தார். தைராய்டு சரி. தலை ஸ்கேன் சரி. சிறுநீரில் மட்டும் ஒன்று தெரிகிறது, நரம்பைத் தூண்டித் தூக்கத்தை விரட்டுகிற மருந்து வகை. நீங்கள் குற்றவாளி இல்லை, இது காவல் நிலையமும் இல்லை, என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால்தான் என்னால் உதவ முடியும் என்றார். அவர் அதைக் குறை கண்ட சட்டையை மேஜையில் விரித்துக் காட்டுகிற மாதிரி வைத்ததால்தான் எனக்குச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். உளுந்து டப்பா என்றேன்.

இசக்கிமுத்து போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார். டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்குள் எந்த மருந்து, எத்தனை அளவு என்று தனக்குத் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது, ஒரு கேப்சூலில் இருக்கும் அளவே அடுத்ததில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். இந்த மாதிரி மருந்து சிலவற்றை டாக்டர்களே எழுதிக் கொடுப்பதும் உண்டாம், ஆனால் அது குறிப்பிட்ட நோய்க்கு, இதயத்தைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பது. மூலிகை என்று எழுதிய பாட்டிலில் அதைக் கலந்து விற்பது வேறு. தூங்காத மூளை கடைசியில் இல்லாததை இருப்பதாக அடித்துச் சொல்ல ஆரம்பிக்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று தோன்றும். அந்த நோய்க்கு அவர் ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். மாத்திரையை நிறுத்தித் தூங்கினால் பெரும்பாலும் போய்விடும் என்றார்.

அதன் பிறகு ஊசி போட்டார்கள், நான் தூங்கினேன். ஒன்றரை நாள். எழுந்ததும் அப்படி ஒரு பசி. கூடவே அப்படி ஒரு வெட்கம். டிவி சத்தம், டீ வாசனை, மாறிப்போன சட்டைகள், எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து போனது. தூக்கைத் திறந்து வழக்கம்போல முதல் கவளத்தை எடுக்கப்போனவரின் கையைப் பிடித்து, வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக எதையோ பார்த்தார். கேப்சூல் குறைந்தது, நூல் அறுந்தது, அதையும் சேர்த்து எல்லாமே என் மூளை கட்டிய கதை என்று நான் ஒப்புக்கொண்டேன். டாக்டர் கேஸ் பேப்பரில் நோயாளி தெளிவாக இருக்கிறார் என்று எழுதினார். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம், கட்டில் காலில் மாட்டியிருந்த என் கேஸ் பேப்பரைச் சும்மா புரட்டினேன். இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் ஓரிடத்தில் பாட்டில் என்றும் பக்கத்தில் எட்டு என்றும் எழுதியிருந்தது புரிந்தது. மீதியிருந்ததை டாக்டர் எண்ணிக் குறித்திருக்கிறார்.

பதினாறு வருடமாகத் துண்டு எண்ணிப் பழகிய தலை, நான் சொல்லாமலே கணக்குப் போட்டது. மூன்று வாரம் தினம் ஒன்று, இருபத்தொன்று. ஒன்பது நாள் தினம் இரண்டு, பதினெட்டு. கீழே விழுந்த அன்று எதுவும் எடுக்கவில்லை. மொத்தம் முப்பத்தொன்பது. அறுபதில் அது போனால் இருபத்தொன்று இருக்க வேண்டும். எட்டுதான் இருக்கிறது. பதின்மூன்று எங்கே?

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் பதின்மூன்று. நூலை நினைத்தேன். நூல் பகலில்தான் அறுந்தது. பகலில் நான் கம்பெனியில், அவர் டெம்போவில். எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு ஒற்றை அறை. நாங்கள் வருவதற்கு முன் பள்ளி விட்டு வந்து அங்கே படிக்கிறவள் ஒருத்திதான்.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது. காவ்யாவை நினைத்து ஒரு பயம். இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். சந்தேகம்தான் நோய், அது போய்விட்டது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். இப்போது போய் மாத்திரை குறைகிறது, என் மகளை நான் சந்தேகப்படுகிறேன் என்றால்? அன்று மாலை இசக்கிமுத்து வந்ததும் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏ செல்வி, இன்னுமா ஒனக்கு அது போகல? நம்ம பிள்ளையப் போயி..." என்றார். பிறகு சிஸ்டரைத் தேடிப் போய்விட்டார்.

ஊசியோடு வருவார்கள் என்று நினைத்தேன். வந்தது டாக்டர். வீட்டுக்குப் போவது தள்ளிப்போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் இன்னும் பைத்தியமாக இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தக் கணக்கை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்து, கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் போட்டார். அவருக்கும் பதின்மூன்றுதான் வந்தது. நாளைக்கு மகளை வரச் சொல்லுங்கள், திட்டாமல் கேளுங்கள், பக்கத்தில் நானும் இருக்கிறேன் என்றார்.

மறுநாள் நாலு மணிக்குக் காவ்யா வந்தாள். பள்ளிப் பையைக்கூட இறக்கவில்லை. ஒரு மாதமாகச் சட்டையில் நூலிழை பிசகியதையெல்லாம் பார்த்த கண், என் பிள்ளையைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நகத்தைச் சதை தெரியக் கடித்திருந்தாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கையை வாங்கி மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடி படபடவென்று ஓடியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உளுந்து டப்பாவில் இருந்ததை நீயும் எடுத்தாயா என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்றே புரியாத மாதிரி இருந்தது.

"நீ டெய்லி எடுக்கிறதப் பாத்தேன்மா. நீதான் டேஸ்ட் பண்ணிட்டியே. நீ சாப்பிட்டா அது சேஃப்தானே? சின்னதிலேருந்து அப்படித்தானே," என்றாள்.

இசக்கிமுத்து அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். டாக்டர் எழுந்துபோய் ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். நான் விழுந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு வந்தது வேலை அலுப்பு, சாப்பிடாமல் வந்த மயக்கம் என்று நாங்களே அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். நாலாம் நாள் அப்பா பாட்டிலை எடுத்துப் போகும்வரை அவள் எடுத்திருக்கிறாள். பதின்மூன்று.

அவள் ஈசிஜியில் துடிப்பு வேகம்தான், கோடு ஒழுங்காக இருந்தது. இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள், என் கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி. இசக்கிமுத்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் ஒன்றரை நாள் தூங்கினாள். எழுந்ததும் இட்லி கேட்டாள், எட்டு தின்றாள். அந்த வருடப் பரீட்சை அவளுக்குச் சரியாகப் போகவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வெளியே வந்ததும் முதல் வேலையாகச் செம்பூர் வகுப்பு வாசலுக்குப் போனேன். அந்த அம்மாக்கள் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன், டிஸ்சார்ஜ் பேப்பரைக் காட்டினேன். இரண்டு பேர் காது கொடுத்தார்கள். மற்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தன் பிள்ளை பின்தங்கிவிட்டதால் நம் பிள்ளைகளையும் பின்னுக்கு இழுக்கப் பார்க்கிறாள் என்று ஒருத்தி என் காதில் விழவே சொன்னாள். கவுன்டர்க்காரர், அப்படி ஒரு பாட்டிலைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார். லேபிளில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. டாக்டர் சொன்னபடி மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸில் பாட்டிலோடு ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்ன செய்வார்கள் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மாதம் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

என் சந்தேகம் இப்போது எனக்குள் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். டீ வாசனை பொய், பதின்மூன்று நிஜம். இரண்டும் ஒரே தலையில்தான் வந்தன. எதையாவது நினைத்துப் பயம் வந்தால் இப்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன், எண்ண முடியாததை இசக்கிமுத்துவிடம் கேட்கிறேன். அவர் சிரித்தால் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் காவ்யாவுக்கு இருமல். டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார். நான் மூடியில் ஊற்றினேன், கை தானாக அதை என் வாய்க்குக் கொண்டுபோனது. பாதி வழியில் காவ்யா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ குடிக்காதம்மா. நான் லேபிள் படிச்சிட்டேன், டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்," என்றாள்.

மூடியை அவளிடம் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த சிரப் இனிப்பா கசப்பா என்று எனக்குத் தெரியாது.